வடிவு அத்தை கட்டிய எட்டாவது தொட்டில்

மரம் முழுக்கத் தொட்டில்.

மேல்காற்று அடிக்கும்போது எல்லாம் ஒன்றாக ஆடும். ஆட்டுகிற கை இல்லை. அழுகிற பிள்ளை இல்லை. மஞ்சள் கயிற்றில் தொங்குகிற சின்னச் சின்ன மரத்தொட்டில்கள். ஆடும், நிற்கும், மறுபடி ஆடும்.

ஆடி மாசத்து வெயில் ஆலிலைகளுக்குள் நுழைந்து தொட்டில்களுக்குள் விழும். ஒவ்வொன்றிலும் ஒரு பொம்மை கிடக்கும். கட்டைவிரல் நீளம். மஞ்சள் சாயம் பூசிய மரக்கட்டை. கண்ணுக்கு இரண்டு கறுப்புப் புள்ளி. வாய்க்கு ஒரு சிவப்புக் கோடு.

பிள்ளை இல்லாதவர்கள் அம்மனுக்குக் கட்டியவை. இதைப் போல ஒன்றை எனக்கும் கொடு தாயே என்று கேட்டுக் கட்டியவை.

அந்த மரத்தடியில் ஏழு வயசுச் செண்பகவல்லி அண்ணாந்து நின்றாள். அவளும் கேட்டாள். அவள் கேட்டது பிள்ளை இல்லை. பொம்மை.


பொம்மை ஆசை என்ன லேசுப்பட்ட ஆசையா? பெரியவர்களுக்கு மறந்துபோயிருக்கும். மறந்துபோனதால்தான் பெரியவர்கள்.

கோவில்பட்டிக் கடைத்தெருவில் ஒரு ஃபேன்சி ஸ்டோர். கண்ணாடிக்குப் பின்னால் ரோஸ் கவுன் போட்ட பொம்மை. படுக்க வைத்தால் கண்ணை மூடும். தூக்கினால் திறக்கும். கடைக்காரர் யாரோ ஒரு பிள்ளைக்குக் காட்டினபோது செம்பா பார்த்தாள். வீட்டில் அவளுக்குச் செம்பா என்றுதான் பேர். மூடியது, திறந்தது, மூடியது. அன்றிலிருந்து செம்பாவுக்குச் சோறு இறங்கவில்லை.

அப்பா நயினார் லாரி ஓட்டுகிறவர். லோடு இறக்கிவிட்டு வருகிற நாளில் மனசு நிறைந்திருக்கும். "வாங்கிருவோம்ட்டீ" என்பார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. அம்மா பகவதி தையல் மிஷினை நிறுத்தாமலே சொல்வாள். "அடுத்த வருசம்."

தீபாவளிக்குக் கேட்டாள். அடுத்த வருஷம். பொங்கலுக்குக் கேட்டாள். அடுத்த வருஷம். பொருட்காட்சியில் கேட்டாள், முதுகில் ஒன்று விழுந்தது.

பிறகு அவளே ஒரு பிள்ளை செய்துகொண்டாள். குழம்புக் கரண்டிக்குத் துண்டைச் சுற்றினாள். கரண்டிக் குழிதான் முகம். மடியில் போட்டுத் தட்டினாள். உச்சி வேளையில் அம்மா வந்து துண்டை உருவினாள். பிள்ளை குழம்புக்குள் போனது.

சிரிப்பு வருகிறது, இல்லையா? அவளுக்கு வரவில்லை.


வடிவு அத்தை நயினாருக்கு அக்கா. சங்கரன்கோவிலில் வாக்கப்பட்டவள். கல்யாணமாகி எட்டு வருஷம். வருஷத்துக்கு ஒரு தொட்டில் என்று ஏழு கட்டியாயிற்று. மடியில் ஒன்றும் விழவில்லை.

அவளுடைய மாமியார் கோமதி ஆச்சி ஒளிவுமறைவு இல்லாத மனுஷி. "இந்த ஆடியோட சரி. தை பெறந்தா எம்மவனுக்கு வேற எடம் பாத்துருவேன்" என்று முகத்துக்கு நேரே சொல்லித்தான் அனுப்பினாள். பெண்ணையும் பார்த்து வைத்திருந்தாள்.

அத்தை தம்பி வீட்டுக்கு வந்தாள். துணைக்குச் செம்பாவைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் பஸ் ஏறினாள். எட்டாவது தொட்டில் செம்பாவின் மடியில் இருந்தது. வழி நெடுக அவள் அதை ஆட்டினாள். உதட்டுக்குள்ளே ஆராரோ பாடினாள். அரைமணி நேரம் அவளுக்கு ஒரு பிள்ளை இருந்தது.

"இது சாமிக்குள்ளதுட்டீ" என்றாள் அத்தை. செம்பா தலையை ஆட்டினாள். தொட்டிலையும் ஆட்டினாள்.

மரத்தடியில் அத்தை கையை நீட்டினாள். செம்பாவின் விரல்கள் திறக்கவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. அத்தை கட்டினாள். மூன்று முடிச்சு. கும்பிட்டாள். திரும்பினாள்.

பிள்ளை அழுதிருந்தால் ஒரு அதட்டுப் போட்டு இழுத்துக்கொண்டு போயிருப்பாள். அது அழவில்லை. வெறுங்கையை மடித்து, இல்லாத தொட்டிலை ஆட்டிக்கொண்டு நின்றது.

அத்தைக்கு என்னவோ ஆகிவிட்டது. மரத்தைப் பார்த்தாள். கருவறைப் பக்கம் பார்த்தாள். "எட்டு வருசமாக் கட்டுதேன். ஒண்ணத் தந்தாளா இவ? இவளுக்கு இன்னும் எத்தன பொம்ம வேணுமாம்?" எட்டி, தான் கட்டிய தொட்டிலுக்குள் கைவிட்டுப் பொம்மையை எடுத்தாள். செம்பாவின் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

கோபம்தான். இரக்கமும்தான். இரண்டும் ஒன்றாக வந்தால் மனுஷிக்குப் புத்தி நிற்காது.

பத்தடி நடப்பதற்குள் பயம் வந்துவிட்டது. சாமிக்குக் கொடுத்ததைச் சாமியிடமிருந்து எடுத்த பயம். மாமியார் காதுக்குப் போனால் என்ன ஆகும் என்ற பயம். அத்தை வெயிலில் அப்படியே குத்தவைத்து உட்கார்ந்தாள். செம்பாவின் கையை இழுத்துத் தன் வயிற்றில் வைத்தாள்.

"ஒருத்தருட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு. சொன்னியோ, இந்த வயித்துல ஒண்ணும் தங்காது. பாத்துக்கோ."

"சத்தியம்" என்றாள் செம்பா.

அத்தை அவள் கன்னத்தைத் தடவினாள். "பிள்ள மட்டும் பெறக்கட்டும். கண்ண மூடுற பொம்ம அத்த வாங்கித் தாரேன்."


புரட்டாசியில் ஒரு மழை. மழையோடு செய்தி வந்தது. அத்தைக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது.

டாக்டர் அசையக் கூடாது என்றார். பெரிய வீட்டில் மாமியார் முன்னால் எப்படி அசையாமல் இருப்பது? அத்தை தம்பி வீட்டில் வந்து படுத்துக்கொண்டாள். கோமதி ஆச்சி தை மாசக் கல்யாணப் பேச்சைத் தள்ளி வைத்தாள். நிறுத்தவில்லை. தள்ளித்தான் வைத்தாள்.

செம்பாவின் காலம் அது. தண்ணீர் அவள்தான் கொண்டு கொடுப்பாள். கால் அவள்தான் அமுக்குவாள். "மருமவளே" என்று அத்தை கூப்பிடுவாள். "ஆம்பளப் பிள்ள பெறந்தா உனக்குத்தான்ட்டீ கெட்டிக் குடுப்பேன்."

"பொம்ம?"

"பொம்மையும் உண்டு, மாப்பிளையும் உண்டு."

மாப்பிள்ளை யாருக்கு வேண்டும்? படுக்க வைத்தால் கண்ணை மூடும். தூக்கினால் திறக்கும். அத்தையின் வயிறு ஒரு சுற்றுப் பெருத்தால் பொம்மை ஒரு எட்டுக் கிட்டே வந்தது. செம்பாவுக்கு அப்படித்தான் கணக்கு.

மரப்பொம்மை அரிசி டிரம்முக்குப் பின்னால் இருந்தது. மத்தியானம் அத்தை தூங்குவாள். அம்மாவின் மிஷின் ஓடும். செம்பா டிரம்முக்கும் சுவருக்கும் நடுவில் போய் உட்காருவாள். பொம்மையைக் குளிப்பாட்டுவாள், சாதம் ஊட்டுவாள், கதை சொல்லுவாள்.

ஒரு மத்தியானம் நல்ல மழை. பொம்மை எங்கிருந்து வந்தேன் என்று கேட்டது. எல்லாப் பிள்ளைகளும் கேட்கிறதுதானே. "உன்னைய மரத்துல இருந்து அத்ததான் எடுத்துத் தந்தா" என்றாள் செம்பா.

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பொம்மையிடம் சொன்னால் சொன்னதாகுமா? ஆகாது. ஆகுமோ? பொம்மையைத் திருப்பிப் பார்த்தாள். கண் இருந்தது, வாய் இருந்தது. காது வரையவில்லை. அப்பாடா என்றிருந்தது. இருந்தாலும் அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் அவள் ஒரு வாய்கூட வைக்கவில்லை.


கார்த்திகை. நாலு நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் காலையில் அத்தை அலறினாள்.

ஆட்டோ வந்தது. போனது. சாயங்காலம் அத்தையைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து படுக்க வைத்தார்கள். ஐந்து மாசம். ஆம்பளப் பிள்ளை என்று யாரோ அடுக்களையில் மெதுவாகச் சொன்னார்கள்.

செம்பா சுவரோடு சுவராக நின்றாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. பொம்மை கேட்டிருக்கிறது. காது இல்லாமலே கேட்டிருக்கிறது.

கோமதி ஆச்சி மறுநாள் வந்து இறங்கினாள். துக்கம் கேட்க வந்தவள் மாதிரி இல்லை, தீர்ப்புச் சொல்ல வந்தவள் மாதிரி இருந்தாள். அன்றைக்குப் பார்த்துத்தான் அம்மா தீட்டுக் கழிக்க வீட்டைக் கழுவினாள். அரிசி டிரம்மை நகர்த்தினாள். தண்ணீரோடு உருண்டு வந்து ஆச்சியின் காலடியில் நின்றது மஞ்சள் பொம்மை.

ஆச்சிக்குச் சொல்லித்தர வேண்டுமா? "இது சாமி தொட்டில்ல கெடக்கிறதுல்லா?"

எல்லாக் கண்ணும் செம்பா பக்கம் திரும்பியது.

"எங்கன எடுத்த?" அம்மா கேட்டாள். முதல் அடி விழுந்தது. "அத்த கெட்டின தொட்டில்ல இருந்தா எடுத்த? சொல்லு." இரண்டாவது அடி. செம்பா வாயைத் திறக்கவில்லை. சத்தியம் பண்ணியிருக்கிறாள் அல்லவா. இந்தப் பிள்ளைதான் போய்விட்டது, சரி. இனிமேல் வருகிற பிள்ளை? சொன்னால் அதுவும் தங்காதே.

அடி தாங்க முடியாமல் போனபோது அவள் கட்டில் பக்கம் பார்த்தாள்.

"அத்த, சொல்லட்டுமா?"

மிஷின் இல்லை, மழை மட்டும்.

வடிவு அத்தை என்ன செய்வாள்? நான்தான் எடுத்தேன், என் கையால்தான் என் தொட்டிலைக் காலி பண்ணினேன் என்று சொல்லலாம். சொன்னால் அந்த நிமிஷமே அவள் வாழ்க்கை முடிந்தது. ஆச்சி வாசலில் ஆட்டோவை நிறுத்திவைத்திருந்தாள். சங்கரன்கோவிலில் ஒருத்தி பூ வைத்துக்கொள்ளக் காத்திருந்தாள்.

"என்னத்தட்டி சொல்லப் போற?" என்றாள் அத்தை. "நீ எடுத்தத நீதான் சொல்லணும்." சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அடிப் பாவி. ஏழு வயசுப் பிள்ளை, உன் வயிற்றுக்காகத்தானே வாயைக் கட்டிக்கொண்டு நின்றது.

"எடுத்த கைக்கு ஒரு சூடு போடு பகவதி. இல்லன்னா இந்தப் பாவம் போவாது" என்றாள் ஆச்சி. சம்பந்தி வீட்டுப் பேச்சு. அம்மா அழுதுகொண்டேதான் அடுப்பை மூட்டினாள். அழுதுகொண்டேதான் கரண்டியைக் காய வைத்தாள். துண்டு சுற்றி மடியில் போட்டுத் தட்டிய அதே கரண்டி. வலது உள்ளங்கை.

பொம்மையைத் தெப்பக்குளத்தில் கொண்டுபோய் விட்டார்கள். சாமி பொருளை நெருப்பில் போடக் கூடாதாம். பிள்ளையின் கையைப் போடலாமாம்.

அப்பா மூன்று நாள் கழித்து வந்தார். கட்டுப்போட்ட கையைப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டார். "இப்படியாட்டீ செய்வ?" என்றார். லாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.


ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

தொட்டிலைக் காலி பண்ணினவ என்று அவளுக்குப் பேராயிற்று. தெருவில் அவள் வந்தால் இடுப்புப் பிள்ளை மறு இடுப்புக்கு மாறும். பால்குடிப் பிள்ளைக்கு முந்தானை மூடும். பக்கத்து வீட்டில் வளைகாப்பு என்றால் அம்மா அவளை உள்ளே வைத்துக் கதவைச் சாத்துவாள். செம்பா ஜன்னல் வழியாக வளையல் சத்தம் கேட்பாள்.

அவள் யாரையும் நொந்துகொள்ளவில்லை. நான்தானே பொம்மையிடம் சொன்னேன் என்று நினைத்தாள்.

ஃபேன்சி ஸ்டோர் வழியாகப் போனால் தலையைக் குனிந்துகொள்வாள். பொம்மை வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. அடுத்த வருஷம் என்று அம்மாவும் சொல்லவில்லை. அந்த வார்த்தை வீட்டை விட்டே போய்விட்டது. சூடு ஒரு மாசத்தில் ஆறியது. இது ஆறவில்லை.


மூன்று வருஷம் போயிற்று.

ஒருமுறை தங்கிய வயிறு மறுமுறையும் தங்கும் என்று கோமதி ஆச்சி பொறுத்தாள். பூத்தது காய்க்காமலா போகும் என்றாள். காய்த்தது. ஐப்பசியில் வடிவு அத்தைக்கு ஆம்பளப் பிள்ளை பிறந்தது.

சங்கரன்கோவிலில் பேர் வைக்கிற விசேஷம். செம்பாவைக் கோவில்பட்டியில் யாரிடம் விட்டுவிட்டுப் போவது? யாரும் ஏற்கவில்லை. அம்மா கூட்டிக்கொண்டுதான் போனாள். "வாசல்லயே இருக்கணும். உள்ள வந்த, கால முறிச்சிருவேன்."

வாசலில் செருப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்தாள். பத்து வயசு. தூறல் போட்டுக்கொண்டிருந்தது. உள்ளே வெளிச்சம், சிரிப்பு, சந்தன வாசனை. பிள்ளை ஒரு தடவை அழுதது. அந்தச் சத்தம் கேட்டதும் செம்பாவின் நெஞ்சு குளிர்ந்தது. தங்கிவிட்டது. நான் சொல்லாமல் இருந்ததால் தங்கிவிட்டது.

பக்கவாட்டுக் கதவு திறந்தது. வடிவு அத்தை. சதை போட்டிருந்தாள். மார்பில் பால் கசிந்திருந்தது. முந்தானைக்குள் ஒரு அட்டைப்பெட்டி.

"இந்தா" என்றாள். "அத்த சொன்னேன்லா, வாங்கித் தாரேன்னு."

ரோஸ் கவுன். படுத்திருந்தது. கண்ணை மூடியிருந்தது. அத்தை தூக்கினாள், திறந்தது. நீலக் கண்.

செம்பாவின் கை தானாக நீண்டது. தழும்புக் கை.

"நான் தந்தேன்னு ஒருத்தருட்டயும் சொல்லிராத, என்ன?"

கை பாதியில் நின்றது.

"எங்கன எடுத்தன்னு கேப்பாவ அத்த" என்றாள் செம்பா.

அத்தை பொம்மையைப் பெட்டியோடு அவள் மடியில் வைத்தாள். பதில் தேடுவதற்குள் பின்னால் ஆச்சியின் குரல். "என்னதுட்டீ அது? பிள்ளைக்கு வந்த பொம்மையா? இவ கைக்கு எப்படிப் போச்சு?" ஆச்சி பெட்டியைப் பிடுங்கினாள். "இங்கயும் கைய வச்சுட்டாளா? ஏ வடிவு, இவளா எடுத்தா?"

திருடனைத் தேள் கொட்டின மாதிரி அத்தை நின்றாள். பிறகு அவள் தலை ஆடியது. ஆமாம் என்று ஆடியது.

ஒரு பிள்ளை எத்தனை தடவைதான் தாங்கும்?

பிள்ளைதான் வயிற்றை விட்டு வந்துவிட்டதே, இனிச் சொல்லலாம். செம்பா எழுந்தாள். ஓடவில்லை. ஈரக்காலோடு உள்ளே நடந்தாள். பெண்கள் விலகினார்கள், பயந்து விலகினார்கள். நடுவீட்டில் பாயில் பிள்ளை கிடந்தது. அவள் மண்டி போட்டாள். மூன்று வருஷத்தில் ஒரு பிள்ளையைத் தொட்டதில்லை. உச்சந்தலையில் கையை வைத்தாள். இலவம்பஞ்சு மாதிரி முடி.

"இந்தப் பிள்ள மேல சத்தியம். நான் எடுக்கல. இன்னைக்கும் எடுக்கல, அன்னைக்கும் எடுக்கல. அத்ததான் தொட்டில்ல இருந்து எடுத்து என் கைல தந்தா."

பச்சைப் பிள்ளை தலையில் அடித்துப் பொய் சொல்ல ஒரு பிள்ளைக்கு வாய் வருமா? அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். ஆம்பளைகள் பக்கமிருந்து அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். மகளின் கையைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். "யக்கா?" என்றார்.

அந்த ஒரு நிமிஷம் செம்பாவுக்கு எல்லாம் திரும்பக் கிடைக்கிற மாதிரி இருந்தது.

ஆச்சிதான் பேசினாள். "அப்ப நீயும் பிள்ள தலையில கைய வச்சுச் சொல்லு வடிவு. கேப்போம்."

அத்தை மாமியாரைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். தம்பியைப் பார்க்கவில்லை. குனிந்தாள். பெற்ற பிள்ளையின் தலையில் கையை வைத்தாள்.

"நான் தரல. அவதான் எடுத்தா. சத்தியம்."

செம்பா அத்தையைப் பார்க்கவில்லை. பிள்ளையின் உச்சியைப் பார்த்தாள். எலும்பு கூடாத அந்தக் குழி துடித்துக்கொண்டிருந்தது. அங்கே இரண்டு சத்தியம் விழுந்திருக்கிறது. ஒன்று பொய். எது என்று அவளுக்குத் தெரியும். பொய்ச் சத்தியம் என்ன செய்யும் என்பதும் தெரியும். மீறின சத்தியத்துக்கே ஒரு பிள்ளை ஏற்கெனவே போயிருக்கிறது.

அங்கே இருந்த அத்தனை பெரியவர்களில் சத்தியத்துக்குப் பயந்தது அவள் ஒருத்திதான்.

"இல்ல" என்று கத்தினாள். அம்மன் எங்கே இருந்தாலும் கேட்கட்டும் என்று கத்தினாள். "அத்த சொல்றதுதான் நெசம். நான்தான் எடுத்தேன். ரெண்டையும் நான்தான் எடுத்தேன். நான் செஞ்ச சத்தியம் பொய்." பிள்ளையின் தலையிலிருந்து எதையோ வழித்து எடுக்கிற மாதிரி எடுத்தாள். தன் தலையில் வைத்தாள். "அது என் மேல விழட்டும். பிள்ள மேல வேண்டாம்."

முதல் அறை அப்பாவிடமிருந்து. அவர் அவளை அடித்ததே கிடையாது. பிறகு அம்மா. பிறகு கை யாருடையது என்று தெரியவில்லை. பச்சைப் பிள்ளை தலையில் பொய்ச் சத்தியம் பண்ணின சனியன் என்றார்கள். வாசலுக்கு இழுத்து வந்து தூறலில் தள்ளினார்கள். கதவைச் சாத்தினார்கள்.

வடிவு அத்தை மட்டும் இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பிள்ளை மேல் வைத்த கையை எடுக்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

செம்பா கதவில் காதை வைத்தாள். உள்ளே ஒரே இரைச்சல். அதற்கு நடுவில் பிள்ளையின் சத்தம் கேட்கிறதா என்று தேடினாள். கேட்கவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு மூச்சைப் பிடித்தாள்.

பிள்ளை தும்மியது.

"நூறு" என்றார்கள் உள்ளே எல்லோரும், நூறு வயசு இரு என்று.

"நூறு" என்றாள் செம்பாவும். மழை வலுத்தது. ஒதுங்கச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை.